தனியே உள்ளே போகக்கூடாது

2025 மே 4, ஞாயிறு

இன்று யதுர்ஷனின் வாயில் குத்தினேன். உதடு வெடித்து அவன் சேட்டெல்லாம் இரத்தம். என் நடுவிரல் மூட்டு வீங்கிப்போயிருக்கிறது. பேனையைப் பிடிக்கவே நோகிறது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அவன் ஊர் கண்டாவளைக்கே போய் இன்னொரு குத்துக் குத்துவேன் போலிருக்கிறது.

தீயணைப்புப் பிரிவுக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை நாலு நாலு பேராகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் நான், யதுர்ஷன், ஜெயரூபி, பிரதாபன். ஏணி ஏறுவது, தண்ணீர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடுவது, புகை நிரப்பிய அறைக்குள்ளிருந்து மண் நிரப்பிய ஆளுயரப் பொம்மையைத் தூக்கி வருவது, எல்லாம் நாலு பேரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு வந்தால் நாலு பேருக்கும் புள்ளி கிடையாது. விளக்கக் கூட்டத்தில் ஓர் அதிகாரி திருப்பித் திருப்பிச் சொன்னது இரண்டு விஷயம்: கத்திக்கொண்டு நிற்பவர்கள் எங்களுக்கு வேண்டாம். யாரும் தனியே உள்ளே போகக்கூடாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்கா ராஜினியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விளையாட்டுக் கழக மைதானத்தில் பழகுவதென்று முடிவு. ஜெயரூபி துணுக்காயிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அங்கே முன்பள்ளி ஆசிரியை. பிரதாபன் ஓட்டோ ஓடுகிறான். பெரிய உடம்பு, எதற்கும் சிரிப்பு. யதுர்ஷன் தகப்பனின் வயலைச் செய்கிறான். எல்லாம் தெரிந்தவன் மாதிரிக் கதைப்பான்.

இன்று மணல் நிரப்பிய உரப்பையை நாலு பேரும் தூக்கி ஓடினோம். என் பக்கம் வழுக்கியது. அவன் பையை அப்படியே போட்டுவிட்டு, "தோட்டக்காட்டுக்குக் கொழுந்துக் கூடை காவத்தான் தெரியும், உது எங்கை தெரியப்போகுது" என்றான்.

அம்மாவின் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்; நான் பிறந்தது இரணைமடுக் குளத்துக்குக் கீழே. தேயிலைச் செடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அவன் சொல்லி முடிக்கவில்லை, கை போய்விட்டது. பிரதாபன் இடையில் விழுந்து பிரித்தான். ஜெயரூபி மட்டும் அசையவில்லை. "என்ரை பள்ளியிலை மூண்டு வயசுப் பிள்ளையள் உங்களிலும் பார்க்கத் திறம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா கையைப் பார்த்தார். "என்னாடி இது?"

"கதவு நசுக்கிப்போட்டுது."

"எந்தக் கதவுக்குடி பல்லு இருக்கு?"

மே 7, புதன்

வீக்கம் வற்றவில்லை. ஆடைத் தொழிற்சாலையில் இன்று ஊசி நகத்தை உரசிக்கொண்டு போனது. மேற்பார்வையாளர் ஏசினார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த வேலையை விட்டுத் தொலைக்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

ஏணியில் நான் மேலே. கீழே பிடித்துக்கொண்டு நின்றவன் யதுர்ஷன். கூரை விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஏணி காலுக்குக் கீழேயிருந்து போனது.

முதுகு அடிபட விழுந்தேன். மூச்சு வரவில்லை. வானம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணைத் திருப்பினால் அவன் நிற்கிறான், உதட்டில் என் குத்தின் காயத்தோடு.

"கை வழுக்கிப்போட்டுது" என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

எழும்பியதும் என் கையில் கல் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. பிரதாபன் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். நான் காற்றில் உதைத்தேன். அவன் காதருகே சொன்னான்: "எறிஞ்சால் பொலிஸ் வரும் தங்கச்சி. பொலிஸ் வந்தால் நாலு பேருக்கும் வேலை இல்லை. எனக்கு ரெண்டு பிள்ளையள்."

கல்லைப் போட்டேன். விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு குத்துகிறது.

மே 14, புதன்

அக்கா வந்தாள். இடது கண் மூடிப்போய், கன்னம் கறுத்து. அத்தான் ஜனார்த்தனன் டிப்பர் ஓடிவிட்டுக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். சோற்றில் மயிர் கிடந்ததாம்.

மண்வெட்டிப் பிடியைக் கழற்றிக்கொண்டு போனேன். விலா நோவெல்லாம் எங்கே போனதோ. முற்றத்தில் நின்ற அவன் மோட்டார் சைக்கிளின் லைற்றை உடைத்தேன். அவன் வெளியே வந்ததும் தோளில் ஒன்று போட்டேன். இரண்டாவதற்குப் பிடியைப் பறித்துவிட்டான். என் மயிரைச் சுற்றிப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். மூன்று தரமோ நாலு தரமோ.

பின்னால் ஓடி வந்த அக்கா கத்தினாள். அவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "நீ போ! நீ போனால்தான் இவர் அடங்குவார். நீ வந்து வந்துதான் எனக்கு இன்னும் விழுகுது!"

உனக்காகத்தானே வந்தனான் அக்கா? நான் வராட்டில் ஆர் வாறது?

நெற்றியில் தையல். வேலைக்கு லீவு.

மே 18, ஞாயிறு

பயிற்சி இல்லை. அம்மாவோடு முள்ளிவாய்க்காலுக்குப் போய், கடைசிப் போரில் அங்கே இறந்த அப்பாவுக்கு விளக்கு வைத்தோம். நினைவுக் கஞ்சி வாங்கும் வரிசையில் யதுர்ஷனைக் கண்டேன். தாயைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் என்னைக் கண்டான். இரண்டு பேரும் காணாத மாதிரித் திரும்பிவிட்டோம்.

மே 25, ஞாயிறு

ஜெயரூபி இன்று ஒரு சட்டம் போட்டாள். கோபம் வருகிறவர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும்வரை வாயும் கையும் அசையக்கூடாது. "சின்னப் பிள்ளையள் அடிபட்டால் நான் இதைத்தான் செய்யிறனான். அதுகள் செய்யுதுகள். உங்களாலை ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் இனி பஸ்ஸுக்குக் காசு செலவழிக்கேல்லை."

பிறகு எங்களைச் சோடியாகப் பிரித்தாள். அவளும் பிரதாபனும் ஒரு சோடி. மற்றது நானும் அவனும்.

மைதானத்தின் மூலையில் பாழடைந்த உரக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. ஜன்னலைச் சாக்கால் அடைத்து இருட்டாக்கினோம். கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு ஊர்ந்து போய்ப் பையைத் தேடி இழுத்து வர வேண்டும். கதைக்கக்கூடாது. பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் கணுக்காலைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு தரம் தட்டினால் "இருக்கிறேன்" என்று அர்த்தம்.

அவன் முன்னால், நான் பின்னால். நடுவில் ஏதோ பழைய பலகை சரிந்து மண்ணும் தூசியும் எங்கள் மேல் கொட்டியது. கையில் இருந்த கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு உதைத்தது. என் வாயில், நெஞ்சில். அவன் கத்தினான். வளர்ந்த ஆம்பிளையின் கத்தல் இல்லை. "அம்மா மண் மூடுது, அம்மா மண் மூடுது" என்று.

நான் பிடியை விடவில்லை. ஏனென்று தெரியாது. இழுத்து வெளியே கொண்டு வர முயன்றபோது என் முன்கையைக் கடித்துவிட்டான். தோல் பிய்ந்தது. மற்றக் கையால் தட்டினேன். இரண்டு தரம். திரும்ப இரண்டு தரம். நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்லக் கால் அடங்கியது.

வெளியே வந்து வாந்தி எடுத்தான். பிரதாபன் தண்ணீர் ஊற்றினான்.

ஜூன் 1, ஞாயிறு

பயிற்சி முடிந்து வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். யதுர்ஷன் பக்கத்தில் வந்து நின்றான்.

ஜெயரூபியின் சட்டத்தை நினைத்துக்கொண்டு கேட்டேன், "எத்தினை வயசிலை?"

"எட்டு. பங்கருக்குள்ளை. செல் குண்டு கரையிலை விழுந்து மண் சரிஞ்சுது. அண்ணையை எடுக்கேல்லை. என்னை எடுத்தவை." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு, "அண்டைக்கு ஏணியை விட்டது நான்தான். வேணுமெண்டு."

"தெரியும்."

"சொன்ன கதையும் பிழை. தோட்டக்காடு எண்டது."

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "பல்லு ஆடுதோ?" என்று கேட்டேன்.

"ஆடுது."

"என்ரை கையிலை உன்ரை பல்லு பதிஞ்சு கிடக்கு. சரிக்குச் சரி."

அவன் சிரித்தான். உதடு இன்னும் நேராகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நாலு பேரும் ஒரே மூச்சில் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம். யாரும் கத்தவில்லை. பிரதாபன் மூச்சு வாங்கினால் யதுர்ஷன் சொல்லாமலே அந்தப் பக்கப் பாரத்தை வாங்குகிறான். ஜூலை ஐந்தில் பரீட்சை. முதல்தடவையாக, கிடைக்கும் என்று தோன்றுகிறது.

நான் அக்கா வீட்டுக்குள் போகவில்லை. வேலிக்கு மேலால் பார்த்தேன். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஞாயிறு நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

பின்னேரம். பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சோளகக் காற்று மண்ணை அள்ளி அடித்தது. அக்கா வீட்டுப் பக்கம் கரும்புகை எழும்பியது. "குப்பை கொளுத்தினம் போல" என்றான் பிரதாபன். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

ஓடினோம். வேலிப் படலைக்குள் அக்கா முழங்காலில் கிடந்தாள். தலைமயிர் ஒரு பக்கம் பொசுங்கிச் சுருண்டிருந்தது. காதிலிருந்து இரத்தம். உடம்பெல்லாம் பெற்றோல் மணம். அத்தான் வீட்டுக்குள் பெற்றோலை ஊற்றி, "ரெண்டு பேரும் சாவம்" என்று முன்கதவைப் பூட்டிவிட்டு லைற்றரை எடுத்திருக்கிறான். அக்கா அவன் கையைக் கடித்துத் திமிறிக் குசினிப் பக்கத்தால் பாய்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வீடு பற்றியது. அவன் உள்ளே.

அவன் கத்துவது கேட்டது. மனிதக் குரல் மாதிரியே இல்லை.

நான் நின்றேன். கால் அசையவில்லை. பயம் இல்லை. பயம் என்று எழுதினால் பொய். நான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "கிடந்து எரியட்டும்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அதற்குள் யதுர்ஷன் மாட்டுத் தொட்டிக்குள் சாக்கை முக்கித் தலையில் போட்டுக்கொண்டு குசினிக் கதவால் உள்ளே போய்விட்டான். களஞ்சிய இருட்டுக்குள் அம்மா என்று கத்தியவன்.

ஜெயரூபி என் சட்டைக் கழுத்தைப் பிடித்து உலுக்கினாள். "உன்ரை அத்தானை விடு. உள்ளுக்கை நிக்கிறது யதுர்ஷன். தனியப் போயிட்டான். நீதானே அவன்ரை சோடி!"

ஈரச் சாக்கை அவளே என் மேல் போட்டாள். போனேன். அத்தானுக்காகப் போகவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும். அவனுக்காக நான் ஓர் அடியும் வைக்கவில்லை.

உள்ளே நிலத்தோடு முகத்தை வைத்து ஊர்ந்தேன். மேலே எல்லாம் கறுப்பு. கூரை ஓடு வெடித்து வெடித்து விழுந்தது. கண்ணுக்குள் மிளகாய் போட்டது மாதிரி. கையை நீட்டி நீட்டித் தடவினேன். கதிரைக் கால். பானை. பிறகு ஒரு கணுக்கால். இரண்டு தரம் தட்டினேன். அவனும் நிலத்தில் இரண்டு தரம் தட்டினான்.

அலுமாரி சரிந்து அத்தானின் காலில் கிடந்தது. அவன் சேட்டு எரிந்துகொண்டிருந்தது. யதுர்ஷன் வெறுங்கையால் அந்தச் சேட்டைப் பிடித்து இழுத்தான். நான் அலுமாரிக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினேன். விடுபட்டதும் அத்தான் எங்களையே அடித்தான். வெறி. என் மயிரைப் பிடித்துத் தன் பக்கம், நெருப்பின் பக்கம் இழுத்தான். தாடையில் ஓங்கிக் குத்தினேன். கை விட்டது. அந்தக் குத்தில் எனக்குச் சந்தோசம் இருந்ததா? இருந்தது.

எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. அப்போது ஜெயரூபியின் குரல். கத்தவில்லை, பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிடுகிற மாதிரி விட்டு விட்டு: "தேனுகா, இஞ்சாலை. யதுர்ஷன், இஞ்சாலை. என்ரை குரலுக்கு வாங்கோ." அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். பிரதாபன் அலவாங்குக் கம்பியால் ஜன்னலை உடைத்து, பக்கத்து வளவில் வயலுக்கு இறைக்கும் மெசினிலிருந்து குழாயை இழுத்துத் தண்ணீர் அடித்தான். அந்தத் தண்ணீர் எங்கள் மேல் ஆவியாய்ச் சுட்டது.

முற்றத்தில் அத்தானைப் போட்டதும் அக்கா வாளியால் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் அவன் தலையில் அடித்தாள். ஊற்றினாள், அடித்தாள்.

யதுர்ஷன் கைகளை முன்னால் நீட்டியபடி நின்றான். நைலோன் சேட்டு உருகி உள்ளங்கை இரண்டிலும் ஒட்டியிருந்தது. தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்கியது.

தீயணைப்பு வாகனம் வந்தபோது சுவர் மட்டும் நின்றது.

ஜூன் 26, வியாழன்

அத்தானை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். பிழைப்பானாம். அக்கா பொலிஸுக்கு அடுப்பு வெடித்தது என்று சொல்லியிருக்கிறாள். அடுப்பாம்! கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவனுக்குப் பால் பருக்குகிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். எனக்கு நினைவு தெரிந்து முதல்தடவை.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று பேரும் கண்டாவளைக்குப் போனோம். யதுர்ஷனின் தாய் அவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைத் துணி. எங்களைக் கண்டதும் தட்டைக் காலால் எற்றினான். சோறு சுவரில் அடித்தது.

"பாக்க வந்தனியளோ? பாருங்கோ. பரீட்சைக்கு ஒரு கிழமை. உன்ரை அத்தானாலை என்ரை வேலை போச்சு. பெண்சாதியைக் கொளுத்தப் போனவன் அங்கை பால் குடிக்கிறான். எனக்கு மூத்திரம் பெய்ய அப்பா வேணும்!"

கதிரையை உதைத்தான். அது என் முழங்காலில் பட்டது. முன்பு என்றால் திருப்பி எறிந்திருப்பேன். என்ன கேள்வி கேட்பது? எல்லாக் கேள்வியும் கேவலமாக இருந்தது. கடைசியில், "இப்ப நோகுதோ?" என்றேன்.

சுவரில் சாய்ந்துகொண்டான். "இரவிலைதான் கூட நோகுது" என்றான். பிறகு அழுதான். அழுதால் துடைக்கவும் கை இல்லை. தாய் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

நான் சுவரில் கிடந்த சோற்றைப் பொறுக்கினேன்.

ஜூலை 5, சனி

பரீட்சை முடிந்தது.

யதுர்ஷனின் இடத்துக்கு வேறு குழுவில் மிஞ்சிய ஒருவனைத் தந்தார்கள். செல்வராசா என்று பெயர், வவுனியா. நல்ல பலசாலி. தொடக்கத்திலிருந்தே கத்தினான். "தூக்கு! விடு! உனக்குத் தெரியாது, தள்ளு!" பிரதாபனை மாடு என்றான். ஹோஸைப் பூட்டும்போது என் கையைத் தட்டிவிட்டான். வலித்தது. என் கை இறுகியது. அவன் முகத்தில் என்னையே கண்டேன், மே மாதத்து என்னை. அது குத்து வாங்கியதைவிட வெட்கமாக இருந்தது.

"செல்வராசா, உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிக்கச் சுகம்?" என்று கேட்டேன்.

அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "வலது" என்றான்.

"அப்ப நான் இடது."

புகை அறைக்குள் அவன் முன்னால் பாய்ந்து ஓடப் பார்த்தான். கணுக்காலைப் பிடித்து இழுத்து வைத்திருந்தேன். நாலு பேரும் பொம்மையும் ஒன்றாக வெளியே வந்தோம். வேகம் போதாது என்று நினைக்கிறேன்.

நேர்முகத்தில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த அம்மணி கேட்டார்: "உங்கட குழுவிலை ஒருவரோட ஒத்துப்போகேலாமல் வந்தால் என்ன செய்வீங்கள்?"

ஜெயரூபி சொல்லித்தந்த அழகான பதில் இருந்தது. அது வாயில் வரவில்லை. "முதல் அடிச்சனான், மிஸ்" என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அவர் என்னை ஏணியிலையிருந்து விழுத்தினவர். பிறகு அவருக்குப் பின்னாலை எரியிற வீட்டுக்குள்ளை போனனான். இப்ப அடிக்க முதல் கேக்கிறனான்."

"என்ன கேப்பீங்கள்?"

"என்ன நடந்தது எண்டு."

அவர் குனிந்து ஏதோ எழுதினார். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

என் வாயில் எல்லாம் தயாராக இருந்தது. உனக்குப் புத்தி இல்லையா. உன்னைக் கொளுத்தினவன். யதுர்ஷனின் கையைப் பார்த்தாயா. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"அக்கா, அவனுக்குப் பக்கத்திலை இருக்கேக்கை உனக்கு என்ன மாதிரி இருக்குது?"

நான் காத்திருந்தேன். தேத்தண்ணீர் ஆறியது. காத்திருப்பது அடிப்பதைவிடக் கஷ்டம்.

"பயமாக் கிடக்கு" என்றாள் கடைசியில். "அவருக்கு இப்ப கை எழும்பாதெண்டு தெரியும். எண்டாலும் இருமினால் நான் எழும்பி நிக்கிறன். அண்டைக்கு நீ கிடந்து எரியட்டும் எண்டு சொன்னாய். அதை நான் தினமும் மனசுக்குள்ளை சொன்னனான், தேனு. அதாலைதான் அவரைப் பாக்கிறன். நான் நினைச்சுத்தான் அவர் எரிஞ்சவர் எண்டு..."

நான் அவளைக் கட்டிப் பிடித்தேன். முதுகில் பெல்ட் அடித்த தழும்புகள் சட்டைக்கு மேலாலும் கைக்குத் தட்டுப்பட்டன.

"பெற்றோல் ஊத்தினது ஆர் அக்கா?"

"அவர்."

"அதை மட்டும் சொல்லு. மிச்சம் ஒண்டும் சொல்ல வேண்டாம்."

ஜூலை 23, புதன்

அக்கா சொன்னாள். பொலிஸில் என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஜனார்த்தனனின் அண்ணன் வாசலில் காத்திருந்து காறித் துப்பினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். பிரதாபன் அவன் காலடியில் புழுதி பறக்கும்படி ஓட்டோவை எடுத்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெயரூபிக்கும் எனக்கும் கிடைத்தது. தற்காலிகமாகத்தான், ஆனாலும் வேலை. பிரதாபன் கண் பரிசோதனையில் போய்விட்டான். "பரவாயில்லை, உங்களை ஏத்தி இறக்க ஒருத்தன் வேணும்தானே" என்று சிரித்தான். பிறகு ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்று நெடுநேரம் மூக்கைச் சிந்தினான்.

யதுர்ஷனுக்கு நான் சொல்லவில்லை. ஜெயரூபி சொன்னாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

யதுர்ஷனின் வலது கை மூடுகிறது. இடது பாதிதான். அடுத்த ஆட்சேர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று மைதானத்தில் என்னோடு ஹோஸைப் பிடித்தான். தோல் வெடித்து இரத்தம் வந்தது. "விடட்டோ?" என்று கேட்டேன். "விடாதை" என்றான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் அழைப்பு வந்தது. காட்டுக்கரையில் ஒரு மாட்டுக் கொட்டில், பக்கத்தில் வைக்கோல் போர். பாதை கிடங்கும் பள்ளமும். நாங்கள் போய்ச் சேரக் கொட்டில் முழுதாகப் பற்றியிருந்தது. மாடுகள் கதறிக்கொண்டிருந்தன. தோல் கருகிய மணம் தீயணைப்பு வண்டிக்குள்ளேயே வந்தது.

இறங்கினதும் கல் வந்தது. சனம் கோபத்தில் நின்றது. கொட்டில்காரர், அம்பது வயதிருக்கும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து என் தலைக்கவசத்தைத் தட்டி விழுத்தினார். "இப்பவோடி வாறியள்? எல்லாம் செத்த பிறகோ?" கன்னத்தில் அறைந்தார். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்தார். பெருவிரல் தொண்டைக்குள் இறங்கியது.

எங்கள் குழுத் தலைவர் ஓடி வந்தார். ஜெயரூபி ஹோஸோடு பின்னால் நின்றாள். என் வலது கை தானாக இறுகிவிட்டது. அவர் தாடை எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஐயா," என்றேன். குரல் சரியாக வரவில்லை. "உள்ளுக்கை இன்னும் என்ன உயிரோடை நிக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்து, எச்சில் வழிந்து. பிடி விடவில்லை. நான் காத்திருந்தேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"கண்டு" என்றார். "நாம்பன் கண்டு ஒண்டு. கிழக்கு மூலையிலை கட்டினனான்."

"வாங்கோ, எந்தப் பக்கத்தாலை கிட்டவெண்டு காட்டுங்கோ."

கை விட்டது. அவரே முன்னால் ஓடினார். ஜெயரூபி தண்ணீரை அடிக்க, நானும் இன்னொருவரும் அந்த மூலையின் பனைமட்டை அடைப்பை வெட்டி உள்ளே போனோம். அந்தக் காளைக் கன்றின் கயிற்றை அறுத்தபோது அது என் தொடையில் உதைத்துவிட்டு வெளியே பாய்ந்தது. முதுகு வெந்திருந்தது. ஆனால் ஓடியது. மற்ற மாடுகள் மூன்றும் செத்துவிட்டன.

எல்லாம் அணைந்த பிறகு அவர் சாம்பலுக்குள் குந்தியிருந்தார். என் தலைக்கவசத்தை யாரோ எடுத்துக் கழுவி வண்டியில் வைத்திருந்தார்கள். அவரா என்று தெரியாது. அவர் மேல் முறைப்பாடு செய்யவா என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது ஜெயரூபி என் கழுத்துக் காயத்துக்கு மருந்து பூசினாள். இறுகியிருந்த என் வலது கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டில், இப்போது எங்களோடு இருக்கும் அக்கா காயத்தைக் கண்டுவிட்டாள். "ஆர் அடிச்சது?" என்று கேட்டாள்.

"ஒரு மாட்டுக்காரர்."

"நீ?"

"நான் அடிக்கேல்லை."

கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.